அம்மாவின் பங்கு

2001-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மகன்மீது தாய் தொடுத்த அவதூறு வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்தது. தாய் கேட்டிருந்த நட்டஈடு ஏறக்குறைய ஒரு கோடி டாலர். சமரசத் தொகை 25,000 டாலர். வழக்கறிஞர் கட்டணம் போக அவர் கைக்கு வந்தது சுமார் 1,600 டாலர். மகன் அப்போது உலகிலேயே அதிகம் விற்கும் ராப் பாடகர்களில் ஒருவர். அவர் பாட்டாக்கி விற்றவற்றில் பெரும்பகுதி, அந்தத் தாயோடு கழித்த அவருடைய பிள்ளைப் பருவம்.

தாயின் பெயர் டெபி நெல்சன். மகன் மார்ஷல் மேதர்ஸ். உலகம் அறிந்த பெயர் எமினெம்.

வறுமையிலும் வன்முறையிலும் வளர்ந்த ஒரு பையன் தன் துயரத்தைப் பாட்டாக்கி வெல்கிறான் என்பது ராப் இசையைப் பற்றி நாம் திரும்பத் திரும்பக் கேட்கும் கதை. அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மைக்காகவே நானும் இந்த இசையை விரும்பிக் கேட்கிறேன். ஆனால், ஒரு பிள்ளையின் கஷ்டகாலம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் சொந்தமானதா? வாடகை கட்ட முடியாத வீட்டில் பிள்ளை மட்டுமா இருந்தது? அதே வீட்டில், அதே வாடகைக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பெரும்பாலும் ஒரு பெண் இருந்தாள். பிள்ளையின் துயரம் பாட்டாகும்போது அவளுடைய வாழ்க்கையும் அதில் கச்சாப்பொருளாகிறது. அவளுக்கு அதில் என்ன பங்கு என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எமினெம் 1972 அக்டோபரில் மிசூரி மாநிலத்தின் செயின்ட் ஜோசஃப் நகரில் பிறந்தபோது டெபிக்கு வயது 17. பதின்பருவத்திலேயே கல்யாணம், பதின்பருவத்திலேயே பிரசவம். குழந்தை தவழும் பருவத்தைத் தாண்டுவதற்குள் தந்தை விலகிப் போய்விட்டார். அதன்பிறகு மிசூரிக்கும் மிச்சிகனுக்கும் இடையே ஓயாத இடமாற்றம். கடைசியில் டெட்ராய்ட் நகரின் கிழக்குப் பகுதியும் அதை ஒட்டிய வாரன் என்னும் ஊரும். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரத்துக்கும் வெள்ளையர் வாழும் புறநகருக்கும் எல்லையாக ஓடுகிறது 'எய்ட் மைல்' சாலை. கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலைகள் வற்றிக்கொண்டிருந்த நிலம் அது. மாறிமாறிப் பள்ளி சேர்ந்த பையன் ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை தேறாமல் 17 வயதில் படிப்பை விட்டார். உணவகத்தில் பாத்திரம் கழுவினார், சமைத்தார். மிச்ச நேரமெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

1999 தொடக்கத்தில் வெளிவந்த 'மை நேம் இஸ்' பாடல் அவரை உலகத்தின் முன் நிறுத்தியது. தன் அம்மா தன்னைவிட அதிகம் போதைமருந்து எடுப்பவர் என்று அதில் கேலியாகச் சொன்னார். டெபி வழக்குத் தொடுத்தார். மறுவருடம் ஒரு சிறு ராப் குழுவோடு சேர்ந்து மகனுக்குப் பதில் சொல்லும் இசைத்தட்டு ஒன்றையும் வெளியிட்டார். கேட்டவர்கள் சிரித்தார்கள். 2002-இல் வந்தது 'க்ளீனின் அவுட் மை க்ளாசெட்'. இம்முறை கேலி இல்லை, குற்றப்பத்திரிகை. இல்லாத நோயை இருப்பதாக நம்பவைத்து வளர்த்தார் என்கிறார். பேத்தியின் முகத்தைக்கூட இனிப் பார்க்கப்போவதில்லை என்கிறார். அந்தப் பாடல் இடம்பெற்ற 'தி எமினெம் ஷோ'தான் அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம். அதே ஆண்டு வந்த 'எய்ட் மைல்' படத்தில், அவருடைய வாழ்க்கையின் சாயலில் அமைந்த நாயகனின் அம்மாவாக கிம் பேசிங்கர் நடித்தார். டிரெய்லர் வீட்டில் குடியும் காதலனுமாக வாழும் பொறுப்பற்ற பெண். உலகத்தின் மனத்தில் டெபியின் சித்திரம் அத்தோடு உறைந்துவிட்டது.

இங்கே நீதிமன்றத்துக்கு வெளியிலும் உள்ளேயும் நடந்த ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெபி வழக்குத் தொடுத்தபோது மகன் தரப்பு சொன்ன பதில், அவர் பேசியதெல்லாம் உண்மை, உண்மை அவதூறாகாது என்பது. இன்னொரு பாடலில் எமினெம், பள்ளியில் தன்னை அடித்துத் துன்புறுத்திய மாணவன் ஒருவனைப் பெயர் சொல்லிப் பாடியிருந்தார். வளர்ந்து ஆளாகியிருந்த அந்த நபரும் வழக்குத் தொடுத்தார். 2003-இல் நீதிபதி டெபோரா செர்விட்டோ அதைத் தள்ளுபடி செய்தார். பாடலில் இருப்பது மிகைப்படுத்தல், நியாயமாகச் சிந்திக்கும் எவரும் அதை நடந்தது நடந்தபடி என்று எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பின் ஒரு பகுதியை அவர் ராப் பாட்டின் வடிவத்திலேயே எழுதியிருந்தார்.

ஆக, ஒரே கலைஞனின் பாடல்கள் ஓரிடத்தில் சத்தியவாக்கு, இன்னோரிடத்தில் கற்பனை. சந்தையில் 'இது என் ரத்தம், என் வாழ்க்கை' என்று விற்கலாம். கேள்வி வந்தால் 'இது வெறும் பாட்டு' என்றும் சொல்லலாம். கலைக்கு இந்த இரட்டைச் சுதந்திரம் வேண்டும்தான்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டுக்குள் மாட்டிக்கொண்டவளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் தெருவில் நடக்கும்போது பாட்டில் வருகிற அம்மாவாகவே நடக்க வேண்டும்.

இதில் எளிதில் மறந்துபோகும் ஒரு தகவல் இருக்கிறது. அந்தப் பள்ளி வன்முறையில் மகனுக்குத் தலையில் காயம்பட்டது என்று 1982-இல் பள்ளி நிர்வாகத்தின்மீது வழக்குப் போட்டவர் டெபிதான். மறுவருடம் அது தள்ளுபடியானது. அந்தச் சம்பவத்தைப் பாடும் மகனின் பாட்டு உலகப்புகழ் பெற்ற ஆல்பத்தில் இருக்கிறது. தனியொரு பெண்ணாகப் பள்ளி நிர்வாகத்தை நீதிமன்றத்துக்கு இழுத்த அம்மாவை நாம் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? அவர் நல்ல தாய் என்று நிறுவ நான் இதைச் சொல்லவில்லை. ஒரு மனுஷியிடம் பாட்டுக்கு உதவும் பக்கம் மட்டுமே பாட்டுக்குள் போகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு எதிரான வாதம் ஒன்றை நான் மாணவிகளிடமிருந்தே கேட்டிருக்கிறேன். இந்தப் பாடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: “அடிபட்ட பிள்ளை அம்மாவைப் பற்றி வாயே திறக்கக்கூடாதா மேடம்? அம்மா என்றால் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றுதானே எங்களுக்கும் சொல்லி வளர்க்கிறார்கள்?” இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பெண்ணியம் பெண்ணியமே அல்ல. தாய்மையைக் கேள்விக்கு அப்பாற்பட்ட பீடத்தில் வைத்தது பெண்களல்ல. அந்தப் பீடத்தின் சுமையைச் சுமப்பவர்கள்தான் பெண்கள். வீட்டுக்குள் குழந்தைமீது நடக்கும் கொடுமை, செய்வது தாயாக இருந்தாலும் கொடுமைதான். சொல்லும் உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டு. எமினெம் சொன்னதை உலகெங்கும் எத்தனையோ பிள்ளைகள் தங்கள் கதையாகக் கேட்டார்கள் என்றால், அது அவர்களுக்குக் கிடைத்த சொல்.

என் கேள்வி வேறு. அந்த வகுப்பிலேயே இன்னொரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: “அவங்க அப்பா எங்கே?”

அதுதான் கேள்வி. எமினெமின் பாடல்களில் தந்தைக்கு எதிரான வரிகள் அங்கங்கே உண்டு. ஆனால் முழுப் பாட்டும், வீடியோவும், படத்தில் கதாபாத்திரமும் தாய்க்குத்தான். சிறுவயதில் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் திறக்கப்படாமலே திரும்பி வந்தன என்று குடும்பத்தார் சொன்னதுண்டு. திரும்பி வந்த கடிதத்தோடு யாரும் சண்டை போட முடியாது. கூடவே இருந்தவளோடுதான் சண்டை போட முடியும். விட்டுப்போனவன் மேல் தழும்பு விழுவதில்லை. தங்கியவள் செய்த ஒவ்வொரு தவறும் நினைவில் நிற்கிறது. இது ஒரு கலைஞனின் குணக்கோளாறு அல்ல. குழந்தை வளர்ப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றிவைத்த சமூகத்தில் நினைவு இப்படித்தான் வேலை செய்யும். பராமரிப்பு உழைப்பு யாருடையதோ, பழியும் அவருடையது.

இதை எமினெமே ஒருநாள் கண்டுகொண்டார் என்பதுதான் இந்தக் கதையின் ஆச்சரியம். 2013-இல் வந்த 'ஹெட்லைட்ஸ்' பாடலில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறார். பழைய பாடலை மேடைகளில் இப்போது பாடுவதில்லை, வானொலியில் கேட்க நேர்ந்தால் கூசிப்போகிறேன் என்கிறார். அதற்கும் மேலாக, தன் அப்பா எங்கே போனார் என்று மட்டும் தான் ஒருபோதும் கேட்டதில்லை என்ற உணர்வு அதில் வருகிறது. தானாக இருந்தால் தன் பிள்ளைகளைத் தேடி உலகத்தின் விளிம்புவரை போயிருப்பேன் என்கிறார். என் மாணவி ஒரு வகுப்பு நேரத்தில் கேட்ட கேள்வியை அவர் கேட்க, 'மை நேம் இஸ்' வந்ததிலிருந்து 14 ஆண்டுகள் ஆயின. அந்தக் கேள்வி வந்ததும் பாட்டின் நிறமே மாறுகிறது. ராப் இசையில் அரிதாகக் கேட்கும் நேர்மை அது.

2014 அன்னையர் தினத்தையொட்டி வெளியான அதன் வீடியோவை இயக்கியவர் ஸ்பைக் லீ. பெரும்பகுதி காமிரா அம்மாவின் கண்களாகவே இருக்கிறது. அவள் மகனைத் தேடுகிறாள், அவன் பெரிய வீட்டைப் பார்க்கிறாள், அவனைக் கட்டிக்கொள்கிறாள். நல்ல யோசனைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள்: அவளுக்குக் கண்கள் கிடைத்திருக்கின்றன, குரல் கிடைக்கவில்லை. மன்னிப்பும் மகனின் பாட்டுதான். அவள் மன்னித்தாளா, அவளிடம் மிச்சமிருந்த கோபம் என்ன என்பதற்கு அங்கே இடமில்லை.

ஒரே சொற்களை இன்னொரு வாயில் வைத்தால் என்ன ஆகும் என்பதை 2001-இல் டோரி ஏமஸ் காட்டினார். எமினெமின் தொடக்ககாலப் பாடல் ஒன்றில், மனைவியைக் கொன்று காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு, குழந்தையோடு கொஞ்சிப் பேசியபடி ஒருவன் கடற்கரைக்குப் போகிறான். ஏமஸ் அந்தப் பாடலைச் சொல் மாற்றாமல், பெட்டிக்குள் கிடக்கும் பெண்ணின் குரலாகக் கிசுகிசுத்துப் பாடினார். சொல் அதே, ஆனால் கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. நான் படித்த எத்தனையோ விமர்சனக் கட்டுரைகள் செய்யாத வேலையை அந்தச் சில நிமிடங்கள் செய்தன. பாட்டைத் தடை செய்யச் சொல்லவில்லை, கண்டன அறிக்கை விடவில்லை. யார் பேசாமல் கிடக்கிறார்கள் என்று மட்டும் காட்டினார்.

வில்லியாக்கப்பட்ட தாய்க்கு நேரெதிரில் தெய்வமாக்கப்பட்ட தாய் இருக்கிறாள். டூபாக் ஷக்கூரின் 'டியர் மாமா' 1995-இல் வந்தது. அவருடைய தாய் அஃபேனி ஷக்கூர், கறுஞ்சிறுத்தைகள் கட்சியின் உறுப்பினர். குண்டுவெடிப்புச் சதி வழக்கில் 1969-இல் கைதான 21 பேரில் ஒருவர். கர்ப்பிணியாக நின்று தன் வழக்கைத் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை; அடுத்த மாதம் டூபாக் பிறந்தார். பிற்காலத்தில் அவர் போதைக்கு அடிமையானார், பிள்ளைகளோடு வறுமையில் அலைந்தார். மகன் அதை ஒளிக்காமல் பாடுகிறார். பாடிவிட்டு நன்றி சொல்கிறார்.

இந்த நன்றிக்குப் பின்னால் ஓர் அரசியல் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறைக்காக டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் 1965-இல் எழுதிய அறிக்கை, கறுப்பினக் குடும்பங்களின் நெருக்கடிக்குப் பெண்களின் தலைமையை ஒரு காரணமாகச் சொன்னது. பிறகு வந்த அரசியல்வாதிகள், உதவித்தொகையில் சொகுசாக வாழும் கறுப்பினத் தாய் என்ற பொய்ச்சித்திரத்தை வளர்த்தார்கள். அரசே தாயைக் குற்றவாளியாக்கும் இடத்தில் ஒரு கறுப்பின மகன் தாயைப் போற்றிப் பாடுவது எதிர்ப்பு. வெள்ளைக்கார மகன் தன் ஏழைத் தாயைப் பழிப்பதையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆனாலும் ஒரு தேதியை மறக்க முடியவில்லை. 'டியர் மாமா' வெளியானது 1995 பிப்ரவரியில். அதே மாதம்தான், ஓர் இளம்பெண்ணைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்திய வழக்கில் டூபாக்குக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் சிறையில் இருக்கும்போது ஆல்பம் விற்பனையில் முதலிடம் பிடித்தது. தாயைத் தொழுகிறவன் பெண்ணை மதிப்பான் என்பது எவ்வளவு பொய் என்பதை நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா பாட்டுக்குக் கண்கலங்கும் ஆண்கள் நிறைந்த வீடுகளில்தான் நாமும் வளர்ந்தோம். தெய்வமாக்குவதும் ஒருவகையில் வாயடைப்பதுதான். தெய்வம் வரம் கொடுக்கலாம். புகார் கொடுக்க முடியாது.

மகள்கள் பாடும்போது வேறாகிறதா? தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒருவர் இங்கே இருக்கிறார். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்து, போரால் பெயர்ந்து 1986-இல் மறுபடி லண்டன் போனவர். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பெரும்பாலும் வீட்டில் இல்லாதவர். எப்போதாவது வந்தாலும் பாதுகாப்புக்காக உறவினர் என்றே பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தப்பட்டவர். அம்மா கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். மகளின் முதல் ஆல்பம் 2005-இல் வந்தது; அதன் பெயர் 'அருளர்'. 'கலா' 2007-இல்தான் வந்தது.

முதல் மரியாதை இல்லாத அப்பாவுக்கு. கூட இருந்த அம்மாவுக்கு இரண்டாவது. மகளுக்கும் தந்தையின் இன்மையே பெரிய புதிராக, பெரிய காவியமாக இருந்திருக்கிறது. இயக்கம், தலைமறைவு, லட்சியம் என்று அதற்குச் சொற்கள் இருக்கின்றன. தையல் மெஷின் முன் குனிந்த முதுகுக்கு அப்படிச் சொற்கள் கிடைப்பது கடினம். ஆனாலும் அவர் இரண்டாவது ஆல்பத்தில் அங்கே போய்ச் சேர்ந்தார். அமெரிக்க விசா சிக்கலால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா என்று ஊர் ஊராய் அலைந்து ஒலிப்பதிவு செய்த அந்த ஆல்பத்தில், சென்னையின் தாளக்கருவிகள் ஒலிக்கின்றன. அகதியாய், ஏழையாய், வேலைக்காரியாய்ப் பிழைக்கும் மக்களின் இரைச்சல் அதில் இருக்கிறது. அம்மாவை வர்ணிக்காமல் அம்மா பிழைத்த உலகத்தை ஒலிக்கவிட்ட ஆல்பமாகவே அதை நான் கேட்கிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஜே-ஸி 2017-இல் வெளியிட்ட 'ஸ்மைல்' பாடல், அவருடைய தாய் க்ளோரியா கார்ட்டர் பெண்களை நேசிப்பவர் என்பதையும், நான்கு பிள்ளைகளுக்குத் தாயாக அதை ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்ந்ததையும் சொல்கிறது. தகப்பன் விட்டுப்போன வீடு, ப்ரூக்ளினின் மார்ஸி குடியிருப்பு, போதைமருந்து விற்ற இளமை என்று ஜே-ஸியின் கஷ்டகாலத்தை நாம் முன்பே பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் காலத்தில் அம்மாவுக்கும் தனியாக ஒரு துயரம் இருந்தது, அது பிள்ளையைப் பற்றியது அல்ல என்று இந்தப் பாடல்தான் நமக்குச் சொல்கிறது. கடைசியில் மகன் ஒதுங்கிக்கொள்கிறார். க்ளோரியா தன் சொற்களைத் தன் குரலில் பேசுகிறார். நிழலில் வாழ்வதைப் பற்றியும் அதிலிருந்து வெளியே வருவதைப் பற்றியும் ஒரு முதிய பெண்ணின் நிதானமான குரல். ஆல்பம் மகனுடையதுதான், என்றாலும் அந்தச் சில நொடிகளில் அவள் யாருடைய கதையிலும் துணைப்பாத்திரம் இல்லை.

ஜோன் மோர்கன் 1999-இல் 'ஹிப்ஹாப் பெண்ணியம்' என்ற பெயரை முன்வைத்தபோது, இந்த இசையை நேசித்துக்கொண்டே அதனோடு மல்லுக்கு நிற்கும் பெண்களுக்கு ஓர் இடத்தைத் திறந்துவிட்டார். நான் நிற்பதும் அங்கேதான். எமினெமைக் கேட்காதீர்கள் என்று எந்த மாணவியிடமும் சொல்லமாட்டேன். துயரத்தை எதுகையாக மாற்றும் அந்த மூளையின் வேகம் அபூர்வமானது. கேட்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்திருங்கள் என்பேன். இந்த வீட்டு வாடகையை யார் கட்டினார்? விட்டுப்போனவர் பாட்டில் எத்தனை வரி? பழிக்கப்பட்டவளோ போற்றப்பட்டவளோ, அவள் பேசினால் என்ன சொல்வாள்?

டெபி பேசிப் பார்த்தார். வழக்குப் போட்டார், இசைத்தட்டு வெளியிட்டார், 2008-இல் தன் நினைவுகளைப் புத்தகமாகவும் எழுதினார். அதில் எல்லாம் உண்மையா என்று கேட்கலாம். மகனின் பாடல்களைக் கேட்கும் அதே கண்டிப்போடும் அதே பரிவோடும் கேட்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்தவர்களைவிட, அவர் மோசமான தாய் என்று உறுதியாக நம்புகிறவர்கள் பல மடங்கு அதிகம். 2022-இல் மகன் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்க்கப்பட்டபோது, பெருமைப்படுகிறேன் என்று ஒரு வீடியோவில் வாழ்த்தினார். 2024 டிசம்பரில், 69 வயதில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். மறுநாள் வந்த செய்திகளில் பல, அவரை மகனின் பாடல் ஒன்றைச் சொல்லியே அடையாளப்படுத்தின. அது 'ஹெட்லைட்ஸ்' மட்டுமாக இருக்கவில்லை.